என் மேலும் ஒரு புகார்

குருவியின் சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் தையலக்காவுக்கு நன்றாகவே கேட்டது. முறுக்கேறிய நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது வருமே, அப்படியொரு சின்னச் சத்தம்தான். காலைச் சாப்பாட்டு நேரம். காலித் தட்டின் விளிம்பைக் குருவி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தாள். இல்லத்தின் மூத்த ஆயாவான பெரியாயா முதலில் தட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்கவில்லை, பின்னுக்கு வளைத்தாள்.

குருவி கத்தவில்லை. அவளுக்குப் பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொண்டு கீச்சுக்குரல் எழுப்புவாள்; அந்தப் பேர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பயந்துவிட்டால் தொண்டைக்குள்ளேயே ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று இழுப்பாள். அன்றைக்கு மதியம்வரை இழுத்துக்கொண்டே இருந்தாள். வயது இருபத்திரண்டு. நடப்பாள், ஆனால் யாரோ பக்கத்திலிருந்து தள்ளிவிட்ட மாதிரி சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள்.

மாற்றுத்திறனாளிகள் இல்லத்தின் பெண்கள் பகுதியில் எட்டுக் கட்டில்கள். கடைசிக் கட்டில் குருவியுடையது, அதற்கு அடுத்தது தையலக்காவுடையது. ஆடை ஆலையின் மாடிப்படி இடிந்து விழுந்தபோது அதன் அடியில் கிடந்தவர்களில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு கால்கள் அசையவில்லை, ஆனால் வலி மட்டும் தெரியும். “வேண்டியதை எடுத்துக்கிட்டு வேண்டாததை விட்டு வெச்சிருக்கு” என்று டாக்டரிடமே சொல்லிச் சிரித்தவள். ஆறு வருடமாக இல்லத்தின் விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவள் கையால் ஓரம் தைத்தவைதான். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மிஞ்சியிருந்த கௌரவம் அது.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று உண்டு. தங்கியிருப்போரின் உரிமைகளும் பணியாளரின் நடத்தை விதிகளும் அதில் பதினாலு வரியாக அச்சடித்திருந்தன. நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் படிக்க வேண்டும். தையலக்கா அண்ணாந்து படித்தவள். ஒன்பதாவது வரி: ‘எக்காரணம் கொண்டும் தங்கியிருப்போரை அடிக்கவோ, கட்டவோ, அவமதிக்கவோ கூடாது.’ பதினாலாவது வரி: ‘புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது, விசாரணை முடியும்வரை இடம் மாற்றக் கூடாது.’ அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்.

அந்தத் தைரியத்தில்தான் அவள் மேனேஜரின் அறைக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

“கட்டிலேருந்து விழுந்திருக்கா. பதிவேட்டுல எழுதியாச்சு” என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமலே.

“கட்டில்ல இல்ல சார், சாப்பாட்டு மேசையில. பெரியாயாதான் ஒடிச்சாங்க. நான் எதிர்லயே உக்காந்திருந்தேன்.”

“இருபது வருஷமா வேலை பாக்குறவங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் அவங்களைத்தான் தேடுறாங்க. நீங்க ஒரு விரலைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க.”

“என் விரல் இல்ல சார், அவ விரல்.”

மேனேஜர் அப்போதுதான் நிமிர்ந்தார். “எழுதிக் குடுங்க. புகார்ப் பெட்டி வெச்சிருக்கோம்ல? முறைப்படி போங்க.”

முறைப்படியே போனாள். துணிக்கு அளவு வெட்டும் தாளின் பின்பக்கத்தில், நடந்ததை நடந்தபடி, தேதியும் நேரமும் போட்டு எழுதிப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டியின் சாவி யாருடைய இடுப்புக் கொத்தில் தொங்குகிறது என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெரியாயா அந்தத் தாளோடு வந்து நடு அறையில் நின்றாள். நல்ல குரல் அவளுக்கு. விருந்தாளிகள் வந்தால் பாடச் சொல்வார்கள். அதே குரலில், வரி வரியாக நிறுத்தி, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கப் படித்தாள். படித்து முடித்ததும் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். தையலக்காவின் தாடையை அழுத்திப் பிடித்து, கிழிசலை எல்லாம் வாய்க்குள் திணித்தாள்.

“உன் எழுத்துதானே? நீயே முழுங்கு.”

அன்றைக்கே சக்கர நாற்காலி பழுதுபார்க்கப் போய்விட்டது என்றார்கள். அது சாமான் அறையில் துணி மூடிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் தையலக்கா கிடந்த கிடையாகக் கிடந்தாள். புரட்டிப் படுக்கவைக்க ஆள் வரவில்லை. ஈரத்திலேயே கிடந்ததில் ஆறி வந்த இடுப்புப் புண் மறுபடியும் வாய் திறந்தது. நாலாவது நாள் பெரியாயா மருந்துத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டை விரலைப் புண்ணின் நடுவில் வைத்தாள்.

“இங்கயா வலிக்குது?” என்று கேட்டு அழுத்தினாள். “இல்ல, இங்கயா? சரியா சொல்லு. எழுதிக் குடுக்கணும்ல.”

தையலக்கா தலையணை உறையைக் கடித்துக்கொண்டாள். அறையின் வாசலில் சின்னாயா நின்றிருந்தாள், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். கையில் வெந்நீர்ப் பாத்திரம். இரண்டு பேரின் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. சின்னாயா பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குருவியின் அம்மா வந்தாள். பேருந்து நிறுத்துமிடத்தில் வண்டி கழுவுகிற வேலை அவளுக்கு. உள்ளங்கையெல்லாம் சோப்பு தின்று வெடித்திருக்கும். தையலக்கா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் ஒடிந்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள்.

அம்மா கேட்டுக்கொண்டே மகளின் கட்டுப்போட்ட விரலைத் தடவினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“கட்டிலேருந்து விழுந்ததாச் சொன்னாங்க.”

“பொய்.”

“பொய்யாவே இருக்கட்டும். மூணு இடத்துல இவளை வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னா நான் எங்க கொண்டுபோவேன்? வீட்டுல வெச்சுப் பூட்டிட்டா வேலைக்குப் போவேன்?” அம்மாவின் குரல் உயர்ந்து, தானே பயந்து இறங்கியது. “உனக்குப் புண்ணியமாப் போகும். எம் பொண்ணு விஷயத்துல தலையிடாத.”

தையலக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அந்த வெடித்த கையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பின்னால் அதற்காகவே அவள் அடி வாங்க வேண்டியிருந்தது.

நாற்காலி திரும்பி வந்து பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, குளியலறைப் பக்கமிருந்து அந்த ‘ம்ம்ம்’ கேட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்த தையலக்கா கத்தரியை நிறுத்தினாள். இழுத்துக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது. தண்ணீர் தளும்பிக் கொட்டியது. மறுபடி இருமல், மறுபடி ‘ம்ம்ம்’. மறுபடி நின்றது. நிற்கிற நேரம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது.

கத்தரியை மடியிலேயே போட்டுக்கொண்டு நாற்காலியை உருட்டினாள்.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. பெரிய நீலத் தொட்டிக்கு முன்னால் குருவி மண்டிபோட்டிருந்தாள். பெரியாயா அவளுடைய பின்னங்கழுத்தைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியிருந்தாள். குருவியின் கைகள் தொட்டியின் விளிம்பில் அடித்துக்கொண்டன. சந்தோஷத்தில் அடிக்கிற அதே படபடப்பு. சுவரோரம் சின்னாயா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரிலேயே வரைந்து வைத்த மாதிரி நின்றாள்.

“விடுங்க! செத்துடுவா, விடுங்க!”

பெரியாயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உடுப்புலயே போயிட்டா. மூணாவது தடவை. மனுஷங்களாட்டம் இருக்கக் கத்துக்குடுக்குறேன்.”

தையலக்கா சக்கரத்தைத் தள்ளினாள். சோப்புத் தண்ணீரில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் மோதியது. கையை எட்டிப் பெரியாயாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். தூண் மாதிரி நின்றாள் அவள். குருவியின் கைகள் அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு கை விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியது.

தையலக்கா கத்தரியை எடுத்துப் பெரியாயாவின் தொடையில் இறக்கினாள்.

துணி வெட்டுகிற நீளக் கத்தரி. பாதிவரை போனது. பெரியாயா அலறிக்கொண்டு குருவியை விட்டாள். குருவி தொட்டியிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து, தரையில் கிடந்து தண்ணீராக வாந்தியெடுத்தாள். மூச்சு வந்துவிட்டது. தையலக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகும் கத்தரியை உருவி, இன்னொரு தரம் அதே தொடையில் குத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. பெரியாயா நாற்காலியைக் கைப்பிடியோடு தூக்கிக் கவிழ்த்தாள். தையலக்காவின் தோள் தரையில் மோதியது. காறை எலும்பு முறிந்ததும் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு உதை, விலாவில் இரண்டு. மூன்றாவது உதைக்கு வந்த காலை தையலக்கா ஒற்றைக் கையால் கட்டிப்பிடித்துக் கணுக்காலைக் கடித்தாள். வாயெல்லாம் இரத்தம். யாருடையது என்று தெரியவில்லை. சோப்பு நுரை சிவப்பாகி வடிகாலைப் பார்த்து ஓடியது. சின்னாயா அப்போதுதான் வாய் திறந்து கத்தினாள்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். பெரியாயாவை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பதினொரு தையல். போலீஸ்காரர் ஒருவர் வந்து கத்தரியைப் பையில் போட்டு, மேனேஜர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். தையலக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து அவளுடைய இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டுப்போட்டார். அவர் போன பிறகு, மிச்சமிருந்த வலது கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னார் மேனேஜர். இடுப்பைச் சுற்றி ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. கட்டியது பழைய விரிப்புகளைக் கிழித்த துணியால். தையலக்கா முடிச்சைப் பார்க்கவில்லை. ஓரத்தில் தன் கையால் தைத்த இரட்டைத் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“இது உங்க பாதுகாப்புக்குத்தான்” என்றார் மேனேஜர். “மனசு சரியில்லாதவங்க மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. திங்கட்கிழமை மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். அங்க நல்லாப் பாத்துப்பாங்க.”

“நான் புகார் குடுக்கணும்.”

“கத்தரியால குத்தின கையால புகாரா?” அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. “நல்ல கதையா இருக்கே.”

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு ஊட்ட சின்னாயா வந்தாள். முதல் மூன்று வாய் வாசலைப் பார்த்தபடியே ஊட்டினாள். பாதி கழுத்தில் சிந்தியது.

“கூடத்துல பலகை இருக்கு. அடியில ஒரு நம்பர். அதை எழுதிட்டு வா” என்றாள் தையலக்கா.

“நான் ஒண்ணும் பாக்கலக்கா.”

“பாத்தேன்னு சொல்லச் சொல்லல. நம்பர் எழுதத் தெரியும்ல?”

சின்னாயா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று தையலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை காலை ஈரத்துணி மாற்ற வந்தவள், கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, தன் கைபேசியை எடுத்தாள். எண் அவளுடைய உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது, வியர்வையில் பாதி கரைந்து. தானே அழுத்தி, தையலக்காவின் காதில் வைத்துப் பிடித்தாள்.

மறுமுனையில் ஒரு ஆண் குரல், தூக்கக் கலக்கம் மாதிரி. “புகார் யார் மேலங்க?”

“இங்க வேலை பாக்குற ஒருத்தங்க மேல. மேனேஜர் மேலயும். அப்புறம் என் மேலயும் ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்குங்க.”

அந்தக் குரல் விழித்துக்கொண்டது. “உங்க மேலயா?”

“ஆமா. நான் குத்தினேன். எல்லாத்தையும் வரிசையாச் சொல்றேன், எழுதுங்க. என்னைத் திங்கட்கிழமை மாத்தப் போறாங்க. விசாரணை முடியுறவரை மாத்தக் கூடாதுன்னு பதினாலாவது வரி இருக்கு. இருக்கா, இல்லையா?”

“இருக்கு” என்றது குரல்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் விசாரணை அதிகாரி வந்துவிட்டார். ஐம்பது வயது அம்மாள். தோளில் பெரிய பை, மூட்டுவலிக்காரர் நடை. விடுமுறை நாளில் வரவேண்டியதாகிவிட்டதே என்ற சலிப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. உள்ளே நுழைந்து தையலக்காவின் மணிக்கட்டைப் பார்த்ததும் அந்தச் சலிப்பு வேறொன்றாக மாறியது.

“கட்டச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்த தாள் எங்க?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“அது வந்து, அவசரத்துல வாய்மொழியா...”

“எந்த டாக்டர்? நம்பர் சொல்லுங்க, இப்பவே கேக்குறேன்.”

அதிகாரி முதலில் கட்டுகளைப் படம் எடுத்தார். பிறகு மேனேஜரையே அவிழ்க்கச் சொன்னார். இரட்டைத் தையல் விரிப்பு. முடிச்சு இறுகிப்போய் மேனேஜருக்கு இரண்டு நகம் பிய்ந்தது.

தையலக்கா சொன்னதை அதிகாரி இரண்டு மணி நேரம் எழுதினார். இடையிடையே நிறுத்தி அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவர் போலிருந்தது. குத்திய இடம் வந்தபோது தையலக்கா தானாகவே பிரித்துச் சொன்னாள்.

“முதல் குத்து அவளைக் காப்பாத்த. ரெண்டாவது அப்படி இல்லம்மா.”

அதிகாரியின் பேனா நின்றது.

“அவங்க கையை எடுத்தாச்சு. குருவி மூச்சு விட்டதையும் பாத்துட்டேன். அப்புறமும் குத்தினேன். அது என் புண்ணுக்காக. நாலு நாள் கிடந்ததுக்காக.”

“இதைச் சொல்லித்தான் ஆகணும்னு இல்ல” என்றார் அதிகாரி மெதுவாக. “குத்தினது போலீஸ் வழக்கு. என்னோடது தனிக் கோப்பு. இதை எழுதினா நாளைக்கு அங்கேயும் போகும்.”

“போகட்டும். நான் பாதியை மறைச்சா, அவங்க சொல்ற பொய்யில பாதி உண்மையாயிடும்.”

அதிகாரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அடுத்து குருவியின் வாக்குமூலம் வேண்டும் என்றார். மேனேஜருக்கு உயிர் திரும்பியது. “அவளுக்குப் பேச்சே வராதேம்மா. எழுத்தும் தெரியாது. என்னன்னு பதிவு பண்ணுவீங்க?”

“அவங்களால எப்படி முடியுமோ அப்படி. விதியில அப்படித்தான் இருக்கு. பேச வர்றவங்களுக்கு மட்டும்தான் புகார்னு எங்கேயும் போடல.”

குருவியின் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. குருவி அவருடைய பையின் பட்டையைத் திருகிப் பார்த்தாள், விட்டாள். கால்மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு இல்லத்துப் பணியாளர்களை ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஜன்னல்வரை நடந்து, திரும்பிப் போகச் சொன்னார். சமையல்காரர் வந்தார், குருவி கவனிக்கவில்லை. காவலாளி வந்தார், குருவி கீச்சென்றாள். சின்னாயா வந்தாள்; குருவி அவளுடைய துணியைப் பிடித்து இழுத்தாள்.

கடைசியாகப் பெரியாயா வந்தாள். மருத்துவமனையிலிருந்து அன்று காலைதான் விட்டிருந்தார்கள். ஊன்றுகோல் பிடித்து, நொண்டி நொண்டி, முகமெல்லாம் சிரிப்பாக. “என் கண்ணு, எப்படி இருக்கே?” என்று அந்தத் தேன் குரலில் கேட்டுக்கொண்டே நெருங்கினாள்.

குருவி ‘ம்ம்ம்’ என்று இழுக்கவில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து, நெஞ்சு புடைக்க ஒரு மூச்சு இழுத்தாள். வாயை இறுக மூடினாள். கண்ணை இறுக மூடினாள். கழுத்தைத் தானாகவே முன்னால் குனித்துக் கொடுத்தாள். அப்படியே இருந்தாள்.

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவியின் முகம் சிவந்தது. கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைத்தது. தண்ணீர் எங்கும் இல்லை. இருந்தும் அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. இந்த உம்மென்ற முகத்தை எத்தனையோ காலை நேரங்களில் பார்த்து, ‘அம்மணிக்குக் கோபம்’ என்று தான் கேலி பண்ணியது தையலக்காவுக்கு நினைவு வந்தது.

“வெளிய போங்க” என்றார் அதிகாரி. பெரியாயா நகரவில்லை. “வெளிய போங்கன்னு சொன்னேன்!”

ஊன்றுகோல் சத்தம் நடைவழியில் தேய்ந்த பிறகுதான் குருவி மூச்சை விட்டாள்.

சின்னாயா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பதினேழு தடவைம்மா” என்றாள். “நான் இருக்கும்போது மட்டும் பதினேழு தடவை. நான்தான் துண்டு வெச்சுக்கிட்டு நின்னேன்.” பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்து, தேதிகளைக் கேட்டார்.

பெரியாயா கைதானாள். இனி எந்த இல்லத்திலும் எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மேனேஜரை நீக்கிவிட்டுப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். ஒல்லியான, எதற்கெடுத்தாலும் தாளைத் தேடுகிற ஆசாமி. சின்னாயாவுக்கு மூன்று மாதம் வேலையில்லை. பிறகு பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்தாள். தையலக்காவின் வழக்கும் நடந்தது. முதல் குத்து குற்றமில்லை, இரண்டாவது குற்றம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து அவளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அவள் அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை, பெருமையடிக்கவும் இல்லை.

குருவியின் அம்மாவுக்கு விசாரணை அறிக்கையைப் படித்துக் காட்டிய அன்று, அவள் நேராகத் தையலக்காவின் கட்டிலுக்கு வந்தாள். கையை ஓங்கிக் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. வண்டி கழுவுகிற கை. தையலக்காவின் காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது.

“பதினேழு தடவையாமே! பக்கத்துக் கட்டில்ல என்னடி பண்ணிட்டிருந்தே?”

“உன்கிட்ட சொன்னேன். தலையிடாதேன்னே.”

“சொன்னா விட்டுடுவியா? மறுபடி சொல்லணும். என் சட்டையைப் பிடிச்சு உலுக்கிச் சொல்லணும்!” அம்மா அடித்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அறையைவிட்டு ஓடினாள்.

மறுநாள் புதிய மேனேஜர் ஒரு படிவத்தோடு வந்து நின்றார். பார்க்க வந்தவர் தங்கியிருப்பவரை அடித்ததும் புகாருக்கு உரியதுதான், விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தையலக்கா படிவத்தை வாங்கி ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு அம்மா வந்தாள். மகளுக்குத் தலை வாரி முடித்துவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாள். தையலக்கா படிவத்தை எடுத்துக் காட்டினாள்.

“நீ அடிச்சது தப்பு. இங்க யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. நானும்தான், நீயும்தான்.”

“தப்புதான்.” அம்மா விரல் வெடிப்பைப் பிய்த்துக்கொண்டாள். “எழுதுறதுன்னா எழுது.”

“தப்புன்னு சொல்லிட்டேல்ல, போதும். நான் மறுபடி சொல்லாம விட்டதும் தப்புதான். ஒருதரம் சொல்லிட்டேன்னு கையைக் கழுவிக்கிட்டேன்.”

பிறகு அம்மா அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு.

“இதுல எதை வேணாலும் எழுதலாமா?”

“நடந்ததை எழுதலாம்.”

“பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு தடவை ஆள் வரும்னு சேக்கும்போது சொன்னாங்க. மாசத்துக்கு ஒருதரம் வந்து, எட்டிப் பாத்துட்டுப் போயிடுறான் அந்தப் படுபாவி. அதை எழுது.”

“படுபாவின்னு எல்லாம் எழுதக் கூடாது.”

“பின்ன என்னன்னு எழுதுவே?”

“பயிற்சியாளர்னு. கடைசியா என்னைக்கு வந்தார்? தேதி சொல்லு.”

அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். நடுவில் குழம்பி, அது சம்பளம் போட்ட வாரமா அதற்கு முந்தினதா என்று சந்தேகப்பட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தையலக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குருவி தாளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அதில் ஓரிடம் இருக்கட்டும் என்று யாரும் அவள் கையைப் பிரிக்கவில்லை.